பழைய மொபட், மினிபைக் பாகங்களுக்கு எந்த முலாம் போடலாம்? குமரி மாவட்டத்துக்கான கேள்வி பதில்கள்

டி.வி.எஸ். 50, லூனா, சுவேகா, ராஜ்தூத் ஜி.டி.எஸ். 175 போன்ற சின்ன வண்டிகளைப் புதுப்பிக்கிறவர்களுக்கு எஞ்சின் வேலையைவிடக் குழப்பம் தருவது பிளேட்டிங், அதாவது முலாம் பூசுவது. எந்தப் பாகத்துக்குக் குரோம், எதற்கு ஜிங்க் (துத்தநாகம்), எதைச் சும்மா விடலாம் என்பதில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். கடலை ஒட்டிய நம் மாவட்டத்தில் அந்தப் பதில் தப்பாகப் போனால் ஒரே மழைக்காலத்தில் தெரிந்துவிடும். அதனால் இங்கே உள்ள காற்றையும் மழையையும் மனதில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

எல்லா இரும்புப் பாகத்துக்கும் குரோம் போட்டுவிட்டால் என்ன?

வேண்டாம். இந்தச் சின்ன வண்டிகள் கம்பெனியிலிருந்து வந்தபோதே குரோம் சில இடங்களில் மட்டும்தான் இருந்தது. ஹேண்டில் பார், ரிம், சைலன்சர், ஹெட்லைட் வளையம், பெடல் கிராங்க் என்று கண்ணில் படுகிற, கை படுகிற பாகங்கள் அவை. போல்ட், நட்டு, வாஷர், பிரேக் கம்பி, ஸ்டாண்டு ஸ்பிரிங் கொக்கி, சின்னச் சின்ன பிராக்கெட் எல்லாம் ஜிங்க் அல்லது பெயிண்ட். எல்லாவற்றையும் குரோமாக்கினால் வண்டி பளபளக்கும். ஆனால் அது அந்த வண்டியாக இருக்காது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நிக்கலும் குரோமும் சேர்ந்த பூச்சு இரும்பை மூடி மட்டும்தான் காக்கும். அதில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும், ஈரம் உள்ளே போய் இரும்பும் நிக்கலும் ஒரு சின்ன பேட்டரி போல வேலை செய்யத் தொடங்கும். அந்த ஜோடியில் கரைவது இரும்புதான். ஜிங்க் இதற்கு நேர் எதிர். கீறல் விழுந்தாலும் முதலில் ஜிங்க் கரையும், பக்கத்தில் உள்ள இரும்பு தப்பிக்கும். ஸ்பேனர் பட்டுக் கீறல் விழுவது உறுதி என்கிற போல்ட் தலைக்கு இந்தக் குணம்தான் வேண்டும். போல்ட் நட்டுக்குக் குரோம் போடாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

குரோமில் துருவைத் தடுப்பது எது? குரோமா, கீழே உள்ள நிக்கலா?

நிக்கல். மேலே நீலம் கலந்த பளபளப்பு தருகிற குரோம் அடுக்கு பெரும்பாலும் அரை மைக்ரானுக்கும் கீழே. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த மெல்லிய அடுக்கில் இயல்பாகவே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. குரோம் இருப்பது நிக்கல் மங்காமலும் கீறாமலும் இருப்பதற்காக.

அதனால் பிளேட்டிங் கடையில் ‘குரோம் நல்லா இருக்குமா?’ என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லை. ‘நிக்கல் எத்தனை மைக்ரான் ஏற்றுவீர்கள்?’ என்று கேளுங்கள். வீட்டுக்குள் இருக்கும் நாற்காலிக் காலுக்கு 10 மைக்ரான் போதும். வெளியே ஓடும் வண்டிக்கு, அதுவும் நம் கடலோரத்துக்கு, 30 மைக்ரானுக்குக் குறையாமல் கேளுங்கள். முடிந்தால் இரட்டை நிக்கல் கேளுங்கள். கீழே கந்தகம் இல்லாத அரைப் பளபளப்பு நிக்கல், மேலே பளபளப்பு நிக்கல் என்று இரண்டு அடுக்காக ஏற்றுவது அது. அரிப்பு மேல் அடுக்கில் பக்கவாட்டில் பரவுமே தவிர, நேராக இரும்பை நோக்கி இறங்காது. கார் பம்பர்களுக்கு இந்த முறையைத்தான் பயன்படுத்தினார்கள். கடைக்காரர் ‘பத்து நிமிஷம் நிக்கல், ஒரு முக்கு குரோம்’ என்று சொன்னால் பாகங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. காந்த முறையில் கனம் அளக்கும் சாதாரண கேஜ் நிக்கலுக்குச் சரிவராது, ஏனென்றால் நிக்கலும் காந்தத்துக்கு இழுபடும் உலோகம். ஜிங்க், தாமிரம் என்றால் அந்தக் கேஜ் சரியாகக் காட்டும்.

நம் மாவட்டத்துக் காற்று அவ்வளவு மோசமா?

ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை சுமார் 70 கி.மீ. கடற்கரை நமக்கு. அலை உடையும்போது கிளம்பும் உப்புத் துகள் காற்றோடு ஊருக்குள் வருகிறது. உப்பு தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அதனால் மழை பெய்யாத நாளிலும் உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருக்கும். போதாததற்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்குக் கிடைக்கின்றன. வண்டி உலர்ந்து கிடக்கும் மாதங்கள் குறைவு.

ஆனாலும் மாவட்டம் முழுக்க ஒரே மாதிரி இல்லை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம், புத்தளம் உப்பளப் பக்கம் வண்டி நிற்கிறது என்றால் எல்லாப் பூச்சிலும் கனத்தைக் கூட்டிக் கேளுங்கள். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் உப்பு குறைவு, ஈரம் அதிகம்.

அங்கே இன்னொரு எதிரி உண்டு. ரப்பர் பாலை உறைய வைக்க வைத்திருக்கும் ஃபார்மிக் ஆசிட். ஷீட் அடிக்கிற கொட்டகையிலேயே வண்டியை நிறுத்தினால் அந்த ஆவி ஜிங்க் பூச்சை வெள்ளையாகப் பொரிய வைக்கும், வெறும் இரும்பைச் சிவக்க வைக்கும். ஆசிட் கேன் மூடி இறுக்கமாக இருந்தாலும் நம்ப வேண்டாம். வண்டியை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

வெள்ளை ஜிங்க், மஞ்சள் ஜிங்க்: எது நல்லது?

இரண்டிலும் அடியில் இருப்பது ஒரே ஜிங்க்தான். நிறம் வருவது கடைசியில் முக்கி எடுக்கும் பாசிவேஷன் கரைசலால். அந்த மெல்லிய படலம் ஜிங்க் பொரிந்து வெள்ளைப் பொடியாவதைத் தள்ளிப்போடும். பழைய முறை மஞ்சளில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கும். வானவில் மாதிரிப் பச்சையும் சிவப்பும் மினுக்கும். வெள்ளையைவிட நிறைய நாள் தாங்கும். அந்த ரசாயனம் புற்றுநோய் தரக்கூடியது என்பதால் இப்போது பல இடங்களில் மூன்று இணைதிறன் குரோமியத்துக்கு மாறிவிட்டார்கள். அதில் வெள்ளையும் நீலம் கலந்த வெள்ளையும் இயல்பாக வரும். மஞ்சள் வேண்டுமானால் சாயம் சேர்ப்பார்கள். கனமான படலமாகப் போட்டு மேலே சீலர் பூசினால் பழைய மஞ்சளுக்கு இது குறைந்ததில்லை.

என் பரிந்துரை: அசலில் எந்த நிறம் இருந்ததோ அந்த நிறம். அது தெரியாவிட்டால் வெளியே தெரியும் போல்ட்களுக்கு வெள்ளை, சேசிஸ் அடியில் மறைந்திருப்பவற்றுக்கு மஞ்சள். ஒரே வண்டியில் அடுத்தடுத்த இரண்டு போல்ட் வெவ்வேறு நிறத்தில் இருந்தால் பார்க்கச் சகிக்காது. அதனால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொடுங்கள்.

இன்னொன்று. பழைய மஞ்சள் படலம் சுமார் 60, 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உலர்ந்து வெடித்துவிடும். சிலிண்டர் ஹெட் நட்டு, சைலன்சர் கிளாம்ப் போல்ட் ஆகியவற்றில் மஞ்சளை நம்பிப் பயனில்லை.

கனம் என்று பார்த்தால், சாதாரணமாக 5 முதல் 8 மைக்ரான் ஏற்றுவார்கள். மரை இல்லாத பாகங்களுக்கு 12 அல்லது அதற்கு மேல் கேட்டு வாங்குங்கள். ஜிங்க்குக்கு ஆயுள் அதன் கனம்தான்.

அசலில் என்ன பூச்சு இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வண்டியைக் கழற்றும்போதே பார்க்க வேண்டும். வாஷருக்கு அடியில், பிராக்கெட் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இடத்தில், ஹேண்டில் கிரிப்புக்கு உள்ளே, எண்ணெய்ப் பிசுக்கு மூடிக் கிடந்த இடத்தில் பழைய பூச்சு அப்படியே இருக்கும். மண்ணெண்ணெயில் துடைத்துப் பாருங்கள். மங்கிய சாம்பல் என்றால் ஜிங்க். லேசான பொன்னிறம் என்றால் மஞ்சள் ஜிங்க். நீலம் கலந்த கண்ணாடிப் பளபளப்பு குரோம். அதே பளபளப்பில் கொஞ்சம் மஞ்சள் சாயல் தெரிந்தால் வெறும் நிக்கல், அல்லது குரோம் தேய்ந்து நிக்கல் தெரிகிறது. போனில் படம் எடுத்து, பாகத்தின் பெயரோடு வைத்துக்கொள்ளுங்கள். கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகு யாராலும் சொல்ல முடியாது.

பழைய வெளிநாட்டு வண்டி போல்ட்களில் கேட்மியம் இருக்கலாம் என்கிறார்களே?

இருக்கலாம். உப்புக் காற்றை நன்றாகத் தாங்கும் பூச்சு அது, ஆனால் கடும் விஷம். சந்தேகம் இருந்தால் அந்தப் போல்ட்டை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், சூடு காட்டாதீர்கள், வெல்டிங் பக்கமே கொண்டு போகாதீர்கள். தூசும் புகையும்தான் ஆபத்து. அதே அளவில் ஜிங்க் போட்ட புது போல்ட் வாங்கிப் போடுவது புத்திசாலித்தனம்.

ரிம்மில் குழி விழுந்திருக்கிறது. குரோம் போட்டால் மறையுமா?

மறையாது. இன்னும் தெளிவாகத் தெரியும். பளபளப்பை உண்டாக்குவது பஃபிங், அதாவது சுழலும் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றுவது. பிளேட்டிங் அதைக் காப்பாற்றிக் காட்டும், அவ்வளவுதான். பழைய குரோமையும் நிக்கலையும் முழுசாக உரித்துவிட்டு, எமரி 120, 180, 240 என்று படிப்படியாக ஏறி, பிறகு சைசல் சக்கரம், துணிச் சக்கரம் என்று போக வேண்டும். கூலியில் பெரும்பங்கு இதற்குத்தான் போகும், போகவும் வேண்டும். பஃபிங்கை அவசரமாக முடிக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள்.

ஆழம் குறைந்த குழிகளுக்குத் தாமிரம் உதவும். தாமிரம் மெத்தென்ற உலோகம். கனமாக ஏற்றி, பஃப் செய்து, மறுபடி ஏற்றி, மறுபடி பஃப் செய்தால் குழி நிரம்பும். நேரம் பிடிக்கும், செலவும் கூடும். கிடைக்காத பாகத்துக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். நகத்தில் மாட்டும் அளவு ஆழமான குழி, ஸ்போக்ஸ் துளையைச் சுற்றி மெலிந்த தகடு என்றால் ரிம்மையே மாற்றுங்கள். அது உயிர் சம்பந்தப்பட்ட பாகம்.

பாகம் பாகமாகச் சொல்ல முடியுமா?

ரிம்மில் வெளிப்பக்கம் இரட்டை நிக்கல் குரோம். டியூப் உட்காரும் உள்பக்கத்தில் குரோம் சரியாக ஏறாது. மின்சாரம் விளிம்பில் குவியும், பள்ளத்துக்குள் தயங்கும், குரோமுக்கு அந்தத் தயக்கம் ரொம்ப அதிகம். நிப்பிள் (ஸ்போக்ஸ் கம்பியை ரிம்மில் இறுக்கும் சின்ன நட்டு) துளை வழியே இறங்கும் தண்ணீர் அங்கேதான் தேங்கும். அதனால் பிளேட்டிங் முடிந்ததும் உள்பக்கம் எபாக்சி பிரைமர் அடித்து, மேலே ரிம் டேப் சுற்றுங்கள். இந்த ஒரு வேலை ரிம்மின் ஆயுளை நீட்டும். குரோம் மட்கார்டு என்றால் அதன் உள்பக்கத்துக்கும் இதே மருந்து.

ஸ்போக்ஸ் கம்பிக்குத் திரும்ப பிளேட்டிங் போட்டு மெனக்கெட வேண்டாம். புது ஜிங்க் கம்பி வாங்குங்கள், கடலோரம் என்றால் ஸ்டெயின்லெஸ். நிப்பிள் பித்தளையில் நிக்கல் போட்டதாக இருக்கட்டும்.

ஹேண்டில் பார் குழாய். அதன் உள்ளே ஆசிட் தேங்கிவிட்டால் மாதக்கணக்கில் கசிந்து, கிரிப்புக்குள் துரு பிடிக்கும். இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும், திரும்பி வந்ததும் உள்ளே தண்ணீர் பாய்ச்சிக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் விட வேண்டும். மடக்கு ஹேண்டில் உள்ள மினிபைக் என்றால் கீல் இருக்கும் இடத்தை மறைத்துப் பிளேட்டிங் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் மடங்காது. 1967-ல் வந்த ஹோண்டா இசட்50எம் மாதிரி வண்டிகளில் இந்தக் கீல்தான் முதலில் தகராறு செய்யும்.

பெடல் கிராங்க், கிக்கர்: குரோம். செருப்பு உரசி உரசிச் சீக்கிரம் தேயும் இடம் என்பதால் நிக்கல் கனம் இங்கே முக்கியம். காட்டர் பின் (கிராங்கை அச்சோடு இறுக்கும் ஆப்பு) உட்காரும் துளைக்குள் பிளேட்டிங் ஏறக் கூடாது.

பிரேக் கம்பி, பிராக்கெட், கேபிள் அட்ஜஸ்டர், வாஷர்: ஜிங்க். சங்கிலிக் கவர் அசலில் பெயிண்ட் என்றால் பெயிண்டே போதும்.

முன் ஃபோர்க் குழாயும் குரோம்தானே? அதையும் சேர்த்துக் கொடுத்துவிடலாமா?

கூடாது. டெலஸ்கோபிக் ஃபோர்க்கில் ஆயில் சீல் உரசி ஓடும் குழாய்க்குப் போடுவது ஹார்டு குரோம். நிக்கல் இல்லாமல் நேராக இரும்பின்மேல், 20 மைக்ரானும் அதற்கு மேலும் ஏற்றுவார்கள். பழைய குழாயை முதலில் கிரைண்டிங் செய்து, தேவைக்கு மேல் கனமாக ஏற்றி, மறுபடி கிரைண்டிங் செய்து அசல் அளவுக்குக் கொண்டு வருவார்கள். ஹைட்ராலிக் சிலிண்டர் ராடு வேலை செய்யும் இடங்களில் இது நடக்கும். அலங்காரக் குரோம் போட்ட குழாயில் சீல் கொஞ்ச நாளில் கிழியும், எண்ணெய் பிரேக் டிரம் வரை வழியும். குழாய் வளைந்திருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். வளைந்த குழாய்க்குச் செலவு செய்வது வீண்.

சைலன்சர் வளைவு நீலமாகிறது. பிளேட்டிங் தப்பா?

எஞ்சினை ஒட்டிய வளைவில் சூடு அதிகம் என்பதால் நீலமும் மஞ்சளும் வருவது இயல்பு. பூச்சு மெலிந்திருந்தால் சீக்கிரம் வரும். டியூனிங்கையும் பாருங்கள். பெட்ரோல் கலவை மெலிந்து ஓடினாலும், இக்னிஷன் டைமிங் தள்ளியிருந்தாலும் குழாய் அளவுக்கு மீறிச் சுடும். அந்த வளைவுக்குக் கனமான நிக்கல் கேளுங்கள். புது பிளேட்டிங் போட்ட சைலன்சரில் கைரேகை, எண்ணெய் இருக்கும்போதே எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் கறை சுட்டு ஒட்டிவிடும். துடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

டூ ஸ்ட்ரோக் சைலன்சரைக் கொடுக்கும் முன் உள்ளே உள்ள கரியையும் எண்ணெயையும் எடுத்தே ஆக வேண்டும். அந்த எண்ணெய் நிக்கல் தொட்டியில் கலந்தால் தொட்டியே கெடும். நல்ல கடைக்காரர் வாங்கவே மாட்டார். உள்ளே உள்ள பேஃபிளை (சத்தத்தைக் குறைக்கும் பாகம்) கழற்றி, காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறப்போடலாம். சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடாமேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அலுமினியப் பாகம் எதையும் அதில் போடாதீர்கள், கரைந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும்.

ஸ்பிரிங்குக்கும் உயர் வலிமை போல்ட்டுக்கும் ஜிங்க் போடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இது இருக்கட்டும். ஆசிட்டில் முக்கும்போதும் மின்சாரத்தில் பூசும்போதும் ஹைட்ரஜன் உருவாகி இரும்புக்குள் நுழையும். சாதாரண மெத்தென்ற இரும்பில் அதனால் தொல்லை இல்லை. கடினப்படுத்திய இரும்பில் அது உள்ளே இருந்து, இறுக்கிய பிறகு சில மணி நேரத்திலோ சில நாளிலோ, எந்த அறிகுறியும் இல்லாமல் படக்கென்று உடைய வைக்கும். தலையில் 12.9 என்று வலிமை எண் எழுதிய போல்ட், ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங், கிளட்ச் ஸ்பிரிங், ஸ்டாண்டு ஸ்பிரிங் எல்லாம் இந்த வகை. 10.9-லும் கவனம் தேவை.

பிளேட்டிங் முடிந்த 4 மணி நேரத்துக்குள், பாசிவேஷனுக்கு முன்பே, 190 முதல் 220 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் அடுப்பில் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். அதைச் செய்கிற கடை என்று உறுதியாகத் தெரியாவிட்டால் ஸ்பிரிங்குக்கு பெயிண்ட் அல்லது பவுடர் கோட்டிங் போடுங்கள், போல்ட்டைப் புதிதாக வாங்குங்கள். குரோம் ஸ்பிரிங் வெளியே தெரியும் ஷாக் அப்சார்பர் பார்க்க அழகுதான். இந்த அடுப்பு வேலை இல்லாமல் அந்த அழகை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பிளேட்டிங் போட்ட நட்டு போல்ட்டில் ஏற மறுக்கிறதே?

60 டிகிரி மரையில் பூச்சின் கனம் நான்கு மடங்காக வேலை செய்யும். 8 மைக்ரான் ஏற்றினால் மரையின் நடு விட்டம் 32 மைக்ரான் கூடும். நட்டிலும் ஏறியிருந்தால் இன்னும் இறுகும். போல்ட்டுக்கு 5 முதல் 8 மைக்ரான் போதும். நட்டுக்குள் டேப் (உள் மரை வெட்டும் கருவி) ஓட்டிச் சரிசெய்யலாம். போல்ட்டில் டை (வெளி மரை வெட்டும் கருவி) ஓட்டாதீர்கள், கொடுத்த காசு முழுக்கச் சுரண்டிக்கொண்டு போய்விடும்.

அலுமினிய கவரும் கார்புரேட்டரும்?

அலுமினிய எஞ்சின் கவர், ஹப், லீவர் ஆகியவற்றைப் பாலிஷ் செய்தாலே அசல் தோற்றம் வந்துவிடும். அலுமினியத்தின்மேல் பிளேட்டிங் ஒட்ட முதலில் ஜிங்கேட் என்ற தனிக் கரைசல் வேண்டும். அதைத் தவறவிட்டால் பூச்சு அப்பளமாகப் பொரியும். பழைய கார்புரேட்டர் உடல், சில லாக் மூடிகள் ஜிங்க் வார்ப்பு. அவற்றை நேராக ஆசிட் தொட்டியில் போட்டால் பாகமே கரையும். கார்புரேட்டரை நன்றாகக் கழுவி அப்படியே மாட்டுங்கள்.

ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

போல்ட்டுக்குத் தொல்லை இல்லை, அது இறங்கும் அலுமினியத்துக்குத்தான் தொல்லை. உப்பு ஈரத்தில் அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாகி, போல்ட் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கழற்றும்போது மரையோடு வரும். எஞ்சின் கவருக்கு ஜிங்க் போல்ட்டே பொருத்தம். ஸ்டெயின்லெஸ்தான் வேண்டும் என்றால் மரை சிக்கிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசையைத் தடவுங்கள். மேலும் சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட் 8.8 போல்ட் அளவு வலிமை இல்லாததாக இருக்கும். வீல் ஆக்சில், ஃபோர்க், பிரேக் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள்.

வடசேரியில் நகைக்கு முலாம் போடுகிறார்களே, அங்கே கொடுக்கலாமா?

கோயில் நகைக்கு வடசேரி பேர்பெற்ற இடம், புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் வெள்ளிமேல் தங்கம் ஏற்றும் அந்த நுணுக்கமும் ரிம்முக்கு 30 மைக்ரான் நிக்கல் ஏற்றுவதும் வேறு வேறு உலகம். தொட்டி அளவே போதாது. போல்ட், பிராக்கெட் ஜிங்க் வேலைக்கு முதலில் பக்கத்திலேயே விசாரியுங்கள். கனமான குரோம், ஹார்டு குரோம் என்றால் மதுரை, கோயம்புத்தூர், திருவனந்தபுரம் வரை விசாரிப்பது நல்லது. ஜிங்க்குக்கு எடைக் கணக்கிலும் குரோமுக்குப் பீஸ் கணக்கிலும் கூலி பேசுவது வழக்கம். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியோடு நடக்கும் கடையாகத் தேர்ந்தெடுங்கள்.

பார்சல் அனுப்பினால் பஃப் செய்த இரும்பு ஒரு ராத்திரியில் துருப்பிடிக்கும். எண்ணெய் தடவி, எண்ணெய்த் தாளில் சுற்றி, பிளாஸ்டிக் உறைக்குள் போடுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் எண்ணி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, ஒரு பிரதி கடைக்காரரிடமும் கொடுங்கள். சின்னப் பாகங்களை மொத்தமாகப் போட்டுச் சுழற்றிப் பிளேட்டிங் செய்யும் பீப்பாய்க்குள் சின்ன வாஷர் தொலைவது சகஜம். கிடைக்காத பாகத்தைக் கம்பியில் கட்டித் தனியாகத் தொங்கவிடச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே பிளேட்டிங் செய்யலாமா?

ஜிங்க் ஓரளவு செய்யலாம். வினிகரில் எப்சம் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் கரைத்து, சுத்தமான ஜிங்க் தகட்டை நேர்முனையிலும், துருவும் எண்ணெயும் இல்லாத பாகத்தை எதிர்முனையிலும் கட்டி, குறைந்த மின்சாரத்தில் மெதுவாக ஏற்றுவார்கள். காற்றோட்டமான இடத்தில், தீ அருகில் இல்லாமல் செய்ய வேண்டும். நேர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை ஒருபோதும் கட்டாதீர்கள், விஷக் குரோமியம் கரைசலில் இறங்கும். வீட்டு ஜிங்க்கில் பாசிவேஷன் இல்லாததால் நம் ஊரில் சீக்கிரம் வெளுக்கும். மறைவான பிராக்கெட்டுக்கு, அதன்மேல் கிளியர் லாக்கர் அடித்து, போதுமானது.

குரோம் வீட்டில் வேண்டவே வேண்டாம். குரோமிக் ஆசிட் ஆவி நுரையீரலைப் பாதிக்கும், புற்றுநோய் தரும். பழைய குரோமை உரிக்கும் ஆசிட் வேலையையும் கடைக்கே விடுங்கள். வீட்டுக்கு வீடு கிணறும், பக்கத்தில் கால்வாயும் குளமும் உள்ள மாவட்டம் இது. ஓடையில் கொட்டுகிற ஒரு வாளி எங்கே போய்ச் சேரும் என்று நமக்கே தெரியும்.

புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்குமா?

குத்துவிளக்குக்குச் சரி. ஜிங்க்கில் புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் படக் கூடாது, ஜிங்க்கும் அதன் படலமும் கரைந்துவிடும். குரோமிலும் ஊசித்துளை வழியே அந்தப் புளிப்பு உள்ளே இறங்கும். குரோமை நல்ல தண்ணீரில் கழுவி, உலரத் துடைத்து, மெழுகு பாலிஷ் போடுங்கள். கடற்கரை ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்றால் கழுவிய பின் ஒரு குவளை நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள். கடற்கரைக்குப் போய் வந்த அன்றே கழுவுவது நல்லது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.

பாகங்கள் திரும்பி வந்ததும் எதைப் பார்க்க வேண்டும்?

வெயிலில் வைத்துப் பாருங்கள். குரோமில் பால் போல வெள்ளை மேகம், பழுப்பு நிறத் திட்டு, பொரிந்த இடம் இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். வளைவின் உள்பக்கம் மஞ்சளாகத் தெரிந்தால் அங்கே குரோம் எட்டவில்லை, நிக்கல் மட்டும் இருக்கிறது. அது மெழுகு போட்டுக் காப்பாற்றக்கூடிய குறைதான். விளிம்பில் சொரசொரப்பு இருந்தால் மின்சாரம் கூடிவிட்டது என்று பொருள். ஜிங்க் பாகங்களை ஒரு நாளாவது கைபடாமல் வையுங்கள், புதுப் படலம் ஈரமாக இருக்கும்போது எளிதில் உரியும். பேரிங் உட்காரும் இடம், புஷ் துளை, எர்த் ஒயர் மாட்டும் இடம் ஆகியவற்றைச் சுத்தம் செய்த பிறகு, மரைகளில் லேசாக கிரீஸ் தொட்டு, முதலில் விரலாலேயே முழுசும் ஏறுகிறதா பார்த்து, அப்புறம் ஸ்பேனர் போடுங்கள். கிரீஸ் தொட்ட மரை வழக்கத்தைவிடச் சுலபமாக இறுகும், அதனால் கை பலத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.